பழைய கேபர்னே பாட்டில்: எது கோளாறு, எது குணம்?

பதினைந்து, இருபது, முப்பது வருடம் படுத்துக் கிடந்த சிவப்பு ஒயினைத் திறக்கிறீர்கள். கோப்பையில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனதும் முகம் சுளிக்கிறது. நிறம் மங்கல், வாடை ஒரு மாதிரி, பாட்டிலின் அடியில் மண்டி. "கெட்டுப்போச்சு" என்று அங்கேயே முடிவு கட்டித் தொட்டியில் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. நல்ல ஒயினும் அதோடு சேர்ந்து போய்விடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கால் மணி நேரம் கழித்து இது குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா, அப்படியே நிற்கிறதா? குறைந்தால், மூடிக் கிடந்ததால் வந்த தேக்கம், கவலை வேண்டாம். கூடினால் கோளாறு. அப்படியே நின்றால், பெரும்பாலும் அந்த ஒயின் பிறந்து வளர்ந்த விதம் அது. பிடிக்கிறதா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதல் கோப்பையை ஊற்றிய நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

நான் பேசுவது கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை தூக்கலாக இருக்கும் கலவைகளைப் பற்றி. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கும் மெதோக் பகுதி இதற்குப் பேர்போனது. துவர்ப்பும் கட்டுக்கோப்பும் கேபர்னே சாவின்யோன் தருவது. நடுவில் தெரியும் மென்மை மெர்லோ என்ற இன்னொரு திராட்சையுடையது. வாசத்துக்குக் கொஞ்சம் கேபர்னே ஃப்ரான், நிறத்துக்கும் அழுத்தத்துக்கும் சிறிது பெத்தி வெர்தோ. கலிபோர்னியாவின் நாப்பா, இத்தாலியின் போல்கெரி, ஆஸ்திரேலியாவின் கூனவாரா ஆகிய இடங்களிலும் இந்தக் குடும்பத்து ஒயின்கள் உண்டு. கேபர்னே சாவின்யோன் பழம் சிறியது, தோல் தடித்தது. சாற்றோடு ஒப்பிட்டால் தோலும் கொட்டையும் அதிகம். டானின் என்ற துவர்ப்புப் பொருள் வருவது அங்கிருந்துதான். அந்த டானினும் புளிப்பும் சேர்ந்துதான் ஒயினை இத்தனை வருடம் தாங்குகின்றன.

கார்க் நொறுங்குகிறது

இருபது வருடத்துக்கு மேற்பட்ட கார்க்கில் இது சாதாரணம். ஈரம் ஏறி ஏறி அது ஊறின ரொட்டி மாதிரி ஆகிவிடும். சுருள் திருகியைச் செலுத்தி இழுத்தால் நடுப்பகுதி மட்டும் கையோடு வரும், ஓரம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் இதற்காகவே இருக்கிறது. நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நுழையுங்கள். பிறகு குட்டையானதை எதிர்ப்பக்கம். நேராக அமுக்காமல் இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக்கொண்டே இறக்க வேண்டும். அமுக்கினால் கார்க் உள்ளே போய்விடும். பிடி கார்க்கைத் தொட்டதும் திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள்.

அப்படியும் உடைந்து உள்ளே விழுந்தால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மெல்லிய சல்லடை வழியாக வடித்துவிடலாம். பாட்டிலின் வாய் சிதறிக் கண்ணாடித் துண்டு உள்ளே விழுந்திருந்தால் மட்டும் வடிகட்டப் பார்க்காதீர்கள். எவ்வளவு நல்ல ஒயினாக இருந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

வெளியே வந்த கார்க்கை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். கார்க் கார்க் வாசம்தான் அடிக்கும். அதைக் கண்ணால் பாருங்கள். அடியிலிருந்து மேல்வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தால், ஒயின் எப்போதோ வெப்பத்தில் பொங்கிக் கசிந்திருக்கலாம். பாட்டிலில் ஒயின் எந்த மட்டத்தில் நின்றது என்பதையும் திறப்பதற்கு முன்பே கவனித்திருக்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதியிலோ தோளின் உச்சியிலோ இருந்தால் இந்த வயதுக்கு இயல்பு. தோளின் நடுவுக்கும் கீழே இறங்கியிருந்தால், காற்று நிறையப் போயிருக்கும் என்று எதிர்பார்த்தே திறக்கலாம்.

நிறம் செங்கல் மாதிரி இருக்கிறது

கோளாறு இல்லை. இளம் கேபர்னே ஊதா கலந்த கருஞ்சிவப்பு. வயது ஏற ஏற அது மாதுளைச் சிவப்பாகி, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். ஓரம் ஆரஞ்சாகவும் நடு இன்னும் சிவப்பாகவும் இருந்தால் நல்ல முதுமை. நடுவும் சேர்ந்து பழுப்பாகி, தேநீர் மாதிரி கலங்கலாக இருந்தால் எச்சரிக்கை. அப்போதும் மூக்கும் நாக்கும் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அடியில் மண்டி, கார்க்கில் படிகம்

பத்து வருடம் தாண்டிய கேபர்னேயில் மண்டி இல்லையென்றால்தான் நான் யோசிப்பேன். நிறப்பொருளும் டானினும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகின்றன. நிறம் வெளுப்பதும் துவர்ப்பு இறங்குவதும் இதோடு சேர்ந்தே நடக்கிறது. கார்க்கின் அடியில் சர்க்கரைத் துணுக்கு மாதிரி மின்னுவது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலேயே இருப்பதுதான், கெடுதல் இல்லை. மண்டியும் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் வாயில் பட்டால் கசப்பு, நறநறப்பு. ஒயினின் மென்மை எல்லாம் அதில் போய்விடும்.

அதனால் தெளிய வைத்து வடித்தெடுக்க வேண்டும். அவசரமில்லாமல் செய்தால் சுலபமான வேலை. குடிக்கப் போகும் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். படுக்கையில் பக்கவாட்டில் படிந்த மண்டி கீழே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். திறக்கும்போது பாட்டிலைச் சுழற்றாதீர்கள், மேசையில் தட்டி வைக்காதீர்கள். கழுத்தைச் சுற்றியுள்ள உறையை முழுசாக எடுத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியோ கைபேசி விளக்கோ வையுங்கள். டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையின் சுவரில் வழியும்படி ஒரே சாய்வில் ஊற்றுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தி மறுபடி சாய்த்தால் அலை அடித்து மண்டி கிளம்பிவிடும்.

முக்கால் பாட்டில் தெளிவாக ஓடும். அப்புறம் வெளிச்சத்தில் கழுத்தருகே புகை இழை மாதிரி ஒன்று நெளிந்து வரும். அந்த இழைக்குப் பின்னாலேயே கருப்பாகத் துகள் வரும். இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் 50 மி.லி. போல மிஞ்சும்; அதற்கு ஆசைப்பட்டு மேலே இருப்பதைக் கலக்கிவிட வேண்டாம்.

திறந்ததும் மக்கிய வாடை

அதிகம் பேரை ஏமாற்றுகிற அறிகுறி இதுதான்.

ஒரு முறை நண்பர் ஒருவரோடு 22 வயதான மெதோக் ஒன்றைத் திறந்தேன். ஊற்றினதும் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை. நண்பர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். நான் பாட்டிலை ஆட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு, என் கோப்பையில் இருந்த கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பது இது. 7.40: பூட்டிய அறை, ஈரத் துணி. 7.50: அறை வாடை பாதி, அடியில் ஏதோ மரம். 8.05: சீவின பென்சில், காய்ந்த புகையிலை, வாடை இல்லை. 8.20: உலர்ந்த அத்தி, மழை பெய்த காட்டு மண், தோல் பை. எட்டரை மணிக்கு நண்பர் தன் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். வருடக்கணக்கில் காற்றில்லாமல் அடைந்து கிடந்ததால் வந்த தேக்கம் அது. காற்றுப் பட்டதும் கலைந்துவிட்டது.

இன்னொரு பாட்டிலிலும் கிட்டத்தட்ட இதே தொடக்கம்தான். ஆனால் பத்து நிமிடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை இன்னும் தெளிவானது. அரை மணி நேரத்தில் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வாயிலும் பழச் சுவையே இல்லை, வெறும் புளிப்பும் கட்டையான கசப்பும்தான். அது டிசிஏ. முழுப்பெயர் ட்ரைகுளோரோஅனிசோல். கார்க் மரப்பட்டையில் சில பூஞ்சைகள் குளோரின் சேர்ந்த பொருள்களை மாற்றும்போது உண்டாவது. லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஒயினின் வாசத்தை அமுக்கிவிடும். மருந்தும் கிடையாது. பாலிதீன் தாளைக் கசக்கி ஒயினில் போட்டு வைத்தால் டிசிஏயைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான்; கூடவே நல்ல வாசத்தையும் இழுத்துவிடும் என்பதால் அதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. டிசிஏ மிகக் குறைவாக இருந்தால் அட்டை வாடை தெரியாது, ஒயின் ஊமையாக மட்டும் இருக்கும். அப்போது பழி "இந்த ஒயினே இப்படித்தான்" என்று ஒயின் மேல் விழும். அதே ஒயினில் இன்னொரு பாட்டில் இருந்தால் திறந்து ஒப்பிடுங்கள். ஒன்று பேசி மற்றது பேசாவிட்டால் குற்றம் கார்க்குடையது.

அழுகின முட்டை, எரிந்த தீக்குச்சி

கந்தகச் சேர்மங்களின் வேலை. டிகாண்டரில் ஊற்றி நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரே ஒரு கோப்பையில், சுத்தமாகக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றைப் போட்டுச் சில நொடி கலக்கி எடுத்துவிடுங்கள். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். வாடை சட்டென்று இறங்கினால் காரணம் உறுதி. செம்பை ஒயினில் ஊற விடக் கூடாது.

பச்சைக் குடமிளகாய் வாசம்

இது அப்படியே நிற்கும் வகை. பைரசின் என்ற பொருள், கேபர்னே குடும்பத்துக்கே உரியது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்சும் மரபணுவை ஆராய்ந்து, கேபர்னே சாவின்யோன் என்பது கேபர்னே ஃப்ரானுக்கும் சாவின்யோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று 1997இல் வெளியிட்டார்கள். அம்மா, அப்பா இருவரிடமும் இந்தப் பச்சை வாசம் உண்டு என்பதால் பிள்ளையிடம் இருப்பதில் வியப்பில்லை. பழத்தில் வெயில் நன்றாக விழுந்து முற்றும்போது பைரசின் குறையும். குளிர்ந்த வருடத்தில், சரியாக முற்றாத பழத்தில் மிஞ்சி நிற்கும். டிகாண்டரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் போகாது. பழைய போர்தோவில் இது லேசாக, புகையிலையோடும் மரத்தோடும் கலந்து வரும்போது எனக்கு மிகவும் பிடிக்கும். அது மட்டுமே தெரிந்தால் பிடிக்காது.

குதிரைத் தொழுவம், மருந்துப் பட்டை

பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் கைவரிசை. 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் பிரிட்டிஷ் பீர்களில் கண்டு பெயரிட்டார். "பிரிட்டிஷ் பூஞ்சை" என்பதே பெயரின் பொருள். பழைய மரப்பீப்பாய்களில் தங்கியிருந்து ஒயினுக்குள் வரும். கொஞ்சமாக இருந்தால் தோல், கிராம்பு என்று ஒயினுக்கு ஒரு ஆழம் தருவதாகத் தோன்றும். அளவு மீறினால் காயத்துக்கு ஒட்டும் பட்டையின் வாடை வந்து பழத்தை மூடிவிடும். காற்று இதைக் குறைக்காது. எந்த அளவுவரை ரசிக்கலாம் என்பதில் பெரிய சுவைஞர்களே ஒத்துப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் வெட்கப்படாமல் குடியுங்கள்.

நகப்பூச்சு நீக்கி, வினிகர், காரல்

முதல் இரண்டும் எத்தில் அசிட்டேட், அசிட்டிக் அமிலம். பழைய ஒயினில் துளியளவு இருப்பது சகஜம், வாசத்தைக் கொஞ்சம் தூக்கிக்கூடக் காட்டும். தொண்டையில் எரிந்தால் ஒயின் முடிந்துவிட்டது. அடிபட்டுப் பழுத்த ஆப்பிள், காரலெடுத்த கொட்டை வாடை வந்தால் காற்று நிறையப் புகுந்திருக்கிறது. நேரம் போகப் போக மோசமாகும். இதற்கும் வழியில்லை.

மணமும் இல்லை, சுவையும் இல்லை

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். பாதாள அறையிலிருந்து 12 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றியிருந்தால் ஒயின் வாயைத் திறக்காது. கோப்பையை உள்ளங்கையில் ஏந்திப் பத்து நிமிடம் வைத்திருங்கள். 16 முதல் 18 டிகிரி சரியான இடம். 20ஐத் தாண்டினால் எதிர்க் கோளாறு: சாராய நெடி முன்னால் வரும், மற்றதெல்லாம் கலங்கிப்போகும். அப்போது பாட்டிலைப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள்.

வெப்பநிலை சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால், வாயில் வைத்து விழுங்கின பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று எண்ணுங்கள். மூக்கில் ஒன்றுமில்லாமல், ஆனால் வாயில் அழுத்தமும் நீளமும் இருந்தால் அது மூடிக்கொண்டிருக்கும் பருவம். பத்து, பன்னிரண்டு வயதில் பல கேபர்னே ஒயின்கள் இப்படி ஆகும். இரண்டு மூன்று மணி நேரம் டிகாண்டரில் விடுங்கள். இன்னொரு பாட்டில் இருந்தால் சில வருடம் தொடாதீர்கள். வாயிலும் மெலிந்து, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு, விழுங்கினதும் காணாமல் போனால் அது கடந்துபோன ஒயின்.

மூடிக் கிடக்கும் ஒயினைப் பொறுப்பது பற்றி யாராவது கேட்டால் நான் ஒரு போட்டியைச் சொல்வேன். 1976இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் பாரிஸில் பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களை வைத்து நடத்திய கண்மூடிச் சுவைப்பில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பிடித்தது. அதே கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971க்கு ஐந்தாம் இடம். பிரெஞ்சு ஒயின்கள் முதிர்ந்தால் கதை மாறும் என்றார்கள். முப்பது வருடம் கழித்து 2006இல் அதே ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் மறுபடி சுவைத்தார்கள். கதை மாறத்தான் செய்தது, ஆனால் அன்று ஐந்தாவதாக இருந்த ரிட்ஜ் இப்போது முதலிடம். 1976இல் அதன் கோப்பையில் தெரியாதது, 35 வயதில் தெரிந்தது.

இத்தனை வருடம் ஆகியும் துவர்ப்பு வாயைப் பிடிக்கிறது

குளிர்ச்சியாக ஊற்றினால் டானின் முரட்டுத்தனமாகத் தெரியும். அதை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் ஏதாவது புரதமும் கொழுப்பும் உள்ள உணவோடு குடித்துப் பாருங்கள். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறளுகிறது. உணவில் புரதம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஈறு மட்டும் இறுகி, பழமும் கூடவே நின்றால் இன்னும் வைத்திருக்கலாம். பழம் வடிந்துபோய் துவர்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால் காத்திருந்து பயனில்லை. 1975 போர்தோக்களில் பலவற்றுக்கு இந்தப் பேர் உண்டு: டானின் இளகும் முன்பே பழம் விடைபெற்றுவிட்டது.

நன்றாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் காணோம்

மிகவும் முதிர்ந்த ஒயினில் நடப்பது. 25, 30 வயதுக்கு மேல் ஆனதை முன்கூட்டியே டிகாண்டரில் ஊற்றி வைக்காதீர்கள். மண்டி நீக்க மட்டும், குடிக்கும் நேரத்தில் ஊற்றுங்கள். அகன்ற அடி கொண்ட டிகாண்டர் வேண்டாம், குறுகலானது போதும். கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருப்பதையும் நிறுத்துங்கள். மக்கிய வாடையோடு திறந்தாலும் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி அதை மட்டும் காற்றாட விட்டு, மீதியைப் பாட்டிலிலேயே வையுங்கள். கோப்பையில் வாசம் எழும்பத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஊற்றிவிடலாம்.

மிச்சம் வைக்க நேர்ந்தால், சின்ன பாட்டில் ஒன்றில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். இளம் கேபர்னே மூன்று நாள் தாங்கும். முதிர்ந்தது மறுநாள் மாலைவரை நின்றாலே நல்லது. குளிர்ச்சி இறங்க, குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.